ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு மிளகாய்ச் செடி: விதையிலிருந்து இரண்டாம் ஆண்டு வரை

வீட்டுக்குள் காய்க்கும் செடி ஒன்றை வளர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்த மண், எந்த உரம், நாளுக்கு எத்தனை முறை தண்ணீர் என்பதைத்தான். இந்த மூன்றுக்கும் விடை சொல்வது ஜன்னல். அதன் வழியே வரும் வெளிச்சம்தான் செடியின் வரவு. தண்ணீரும் உரமும் தொட்டியின் அளவும் செலவு. வரவு குறைந்த இடத்தில் செலவைக் கூட்டிக்கொண்டே போனால் கணக்கு ஒரு நாள் உதைக்கும். வீட்டுச் செடிகளில் பெரும்பாலானவை வாடிச் சாவதில்லை, நனைந்து அழுகித்தான் சாகின்றன.

விளக்கு எதுவும் இல்லாமல், ஜன்னல் வெயிலை மட்டும் வைத்துக்கொண்டு காய் வரை போக வேண்டுமென்றால் மிளகாயை நான் பரிந்துரைப்பதற்குக் காரணங்கள் உண்டு. பகல் நீண்டதா குறுகியதா என்று பார்த்துப் பூக்கும் செடி அல்ல அது. போதிய வளர்ச்சியும் வெளிச்சமும் கிடைத்தால் எந்தப் பருவத்திலும் மொட்டு விடும். ஒரே பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் இருப்பதால் ஒற்றைச் செடியே போதும். காய் சிறியது, ஆகவே ஒரு காயை நிரப்பச் செடிக்கு அதிக வெளிச்சம் செலவாவதில்லை. உறைபனி தாக்காத இடத்தில் சில ஆண்டுகள் உயிரோடு இருக்கும் என்பதும் ஒரு வசதி.

ஜன்னலை அளப்பது

விதை வாங்கும் முன் ஜன்னலைப் பாருங்கள். நம் கண்ணை இந்த விஷயத்தில் நம்பக் கூடாது. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்பக் கண் தன்னைத்தானே சரிசெய்துகொள்வதால், செடிக்குப் பட்டினியான அறைகூட நமக்கு நல்ல வெளிச்சமாகவே தெரியும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். திறந்த வெளியில் உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். வானம் மூடிய நாளில்கூட வெளியே 10,000 லக்ஸ் அளவுக்கு இருக்கும். படிப்பதற்குப் போதுமான அறை வெளிச்சமோ 300 முதல் 500 லக்ஸ்தான். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டால் தோராயமான எண் கிடைக்கும். துல்லியம் வேண்டாம், ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட அதுவே போதும்.

செயலி இல்லாமலும் பார்க்கலாம். செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாக, விளிம்பு கூர்மையாக நிழல் விழுந்தால் அது மிளகாய்க்கு ஏற்ற இடம். கை என்று மட்டும் தெரிந்து விரல்கள் கலங்கினால் செடி வளரும், பூப்பது சந்தேகம். நிழலே விழவில்லை என்றால் மிளகாயை மறந்துவிட்டு அங்கே மணி பிளாண்ட் வைக்கலாம். இந்தச் சோதனையைக் காலை, நடுப்பகல், மாலை என மூன்று வேளையும் செய்யுங்கள். ஜன்னலில் நேர் வெயில் எத்தனை மணிக்கு நுழைகிறது, எத்தனை மணிக்கு வெளியேறுகிறது என்று ஒரு நாள் முழுக்கக் குறித்து வையுங்கள். 5 அல்லது 6 மணி நேரம் நேர் வெயில் என்றால் தாராளம். 4 மணி நேரத்தில் சின்ன ரகங்கள் ஒப்பேற்றிவிடும். அதற்கும் கீழே போனால் இலைக்காக வளர்க்கும் செடிகளே புத்திசாலித்தனம்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. தொட்டி இருக்கப்போகும் இடத்தில், செடியின் உச்சி வரும் உயரத்தில் உங்கள் தலையைக் கொண்டுபோய் வைத்து வெளியே பாருங்கள். எவ்வளவு வானம் தெரிகிறது? எதிர்வீட்டுச் சுவரும் மரக்கிளையும் மட்டுமே தெரிந்தால் செடிக்கும் அதுதான் தெரியும். ஜன்னலிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்து மறுபடி பாருங்கள். வானத்தின் துண்டு எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்பது அப்போது புரியும். ஜன்னல் திட்டில் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும்போது, இரண்டு மீட்டர் உள்ளே சில நூறுதான் மிஞ்சும். 'ஜன்னல் உள்ள அறை' வேறு, 'ஜன்னலோரம்' வேறு.

திசையைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவது இது: வட அரைக்கோளத்தில் தெற்குப் பார்த்த ஜன்னலும், தென் அரைக்கோளத்தில் வடக்குப் பார்த்த ஜன்னலும் சிறந்தவை. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில் வாழ்பவர்களுக்கு இந்த விதி பாதிதான் பொருந்தும். அங்கே சூரியன் ஆண்டின் ஒரு பகுதியில் வடக்கே சாய்ந்தும் மறுபகுதியில் தெற்கே சாய்ந்தும் நிற்கும். பல மாதங்களில் உச்சிப் பொழுதில் கிட்டத்தட்டத் தலைக்கு மேலே இருப்பதால் ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடே வெயிலைப் பெருமளவு தடுத்துவிடும். அப்படிப்பட்ட வீடுகளில் கிழக்கும் மேற்கும்தான் ஆண்டு முழுவதும் கைகொடுக்கும். இரண்டில் எதை எடுப்பது என்றால் கிழக்கு. காலை வெயில் ஏறும்போது காற்று குளிர்ச்சியாக இருக்கும், செடி வாடாமல் வேலை செய்யும். மேற்கு ஜன்னலில் வெயிலோடு சுவரின் சூடும் சேர்ந்து வரும். பூ உதிர்வதற்கு அது ஒரு காரணம்.

இருக்கும் வெளிச்சத்தைக் கூட்டச் செலவில்லாத வழிகள் சில உண்டு. கண்ணாடியை இரண்டு பக்கமும் துடையுங்கள். வெளிப்பக்கம் படிந்த தூசி நீங்கள் நினைப்பதைவிட அதிகம் தின்கிறது. மெல்லிய திரை, கொசு வலை இரண்டும் வெளிச்சத்தைக் கணிசமாகக் குறைக்கும். பகலில் விலக்க முடியுமென்றால் விலக்குங்கள். செடிக்குப் பின்னால், அறையின் பக்கமாக, ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் அறைக்குள் ஓடி வீணாகும் வெளிச்சம் செடியின் முதுகுக்குத் திரும்பும். அலுமினியத் தாள் பளபளக்கிறதே என்று தோன்றும். கசங்கிய தாளைவிட மங்கலான வெள்ளைப் பரப்பு வெளிச்சத்தைச் சீராகப் பரப்புகிறது.

எந்த மிளகாய்

குட்டை ரகம், சிறு காய், காரமானது. இந்த மூன்றும் இருந்தால் ஜன்னல் போதும். குடைமிளகாயை ஜன்னலில் வளர்க்க ஆசைப்படாதீர்கள். அந்தச் சதைப்பற்றுள்ள பெரிய காயை நிரப்பத் தேவையான வெளிச்சம் கண்ணாடிக்கு உள்ளே அபூர்வமாகவே கிடைக்கும். மேல்நோக்கி நிற்கும் சிறு காய்களைக் கொத்தாகத் தரும் ரகங்கள் முழங்கால் உயரத்தில் நின்றுவிடும், அவைதான் இதற்கு ஏற்றவை. அழகுக்காக விற்கப்படும் மிளகாய்ச் செடியை ஆயத்தமாக வாங்கினால், அதற்கு உண்ணத் தகாத மருந்து அடித்திருக்கலாம் என்பதால் அப்போதுள்ள காய்களைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

நன்றாகப் பழுத்த காயிலிருந்து விதையை எடுத்து நிழலில் உலர்த்தியும் விதைக்கலாம். அது கலப்பின ரகமாக இருந்தால் பிள்ளை தாயைப் போல இருக்காது, அவ்வளவே. அதிகச் சூட்டில் உலர்த்திய வற்றலின் விதை முளைப்பது சந்தேகம். விதை எடுத்த கையால் கண்ணைத் தொடாதீர்கள். காரம் தண்ணீரில் கரையாது. கையில் கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவினால் போகும்.

விதைப்பு

விதை முளைக்க வெளிச்சம் தேவையில்லை, சூடு தேவை. மண்ணின் வெப்பம் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் 7 முதல் 14 நாளில் முளைக்கும். 15 டிகிரிக்குக் கீழே போனால் விதை அசையாமல் கிடந்து அழுகும். மிகக் காரமான சில ரகங்கள் மூன்று, நான்கு வாரம்கூட எடுத்துக்கொள்ளும். பத்தாம் நாள் தோண்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

விதையை ஓர் இரவு சாதாரணத் தண்ணீரில் ஊறவையுங்கள். சிறு குவளைகளின் அடியில் துளையிட்டு, ஈரமாக்கிப் பிழிந்த தேங்காய் நார்த்தூளை நிரப்புங்கள். உரம் இப்போது வேண்டாம். விதைக்குள்ளேயே முதல் சில நாட்களுக்கான உணவு இருக்கிறது. விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து மூடி, மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைத் தளர்வாகப் போடுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் மேற்பகுதி போன்ற இளஞ்சூடான இடம் நல்லது. ஒரு செடி வேண்டுமென்றால் நான்கு விதை போடுங்கள், பிறகு தேறியதை வைத்துக்கொள்ளலாம்.

முளை நேராக எழாது. முதலில் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு வெளிறிய வளைவு தெரியும், ஊசிக்காதைப் போல. அதன் ஒரு கால் வேர், மறுகால் விதையிலைகள். இந்த வளைவு தெரிந்த அன்றே உறையை எடுத்துவிட்டு, குவளையை வீட்டிலேயே வெளிச்சம் மிகுந்த ஜன்னலுக்குக் கொண்டுபோக வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த ஒரு நாளிலேயே தண்டு நூலாக நீண்டுவிடும். சில நாற்றுகளில் விதையின் ஓடு இலைகளின் நுனியைத் தொப்பி போலக் கவ்விக்கொண்டிருக்கும். பிய்க்காதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, ஊறிய பிறகு விரலால் மெல்லத் தள்ளினால் கழன்று வரும்.

முதல் சில வாரங்கள்

செடியின் பின்னாளைய உடற்கட்டு இந்த நாட்களில்தான் முடிவாகிறது. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாகவே வருவதால் நாற்று அந்தப் பக்கம் சாயும். 1880ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல் நாற்றுகளின் நுனியை ஒளி புகாத மூடியால் மறைத்துப் பார்த்தார்கள். நுனி மூடப்பட்ட நாற்று வளையவே இல்லை. வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே உள்ள தண்டு என்று அப்போது தெரிந்தது. ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் நிழல் விழும் பக்கத்தில் கூடுதலாகச் சேர்வதால் அந்தப் பக்கத்துச் செல்கள் அதிகம் நீள்கின்றன, தண்டு வெயில் பக்கம் வளைகிறது. ஆகவே நாற்றாக இருக்கும்போது குவளையை நாளுக்கு ஒரு முறை கால் சுற்றுத் திருப்புங்கள். வளர்ந்த செடிக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை போதும். பூ விட்ட பிறகு திருப்பினால் பூ உதிரும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். இவ்வளவு மெல்லத் திருப்புவதால் ஒன்றும் ஆகாது.

வீட்டுக்குள் காற்று இல்லாததும் தண்டு மெலிவதற்கு ஒரு காரணம். வெளியே வளரும் செடியைக் காற்று நாள் முழுக்க ஆட்டுவதால் அது தன் தண்டைத் தடிமனாக்கிக்கொள்கிறது. அந்த வேலையை உங்கள் உள்ளங்கை செய்யட்டும்: நாளுக்கு இரண்டு முறை நாற்றின் தலையை மெல்ல வருடுங்கள், அல்லது தூரத்து மின்விசிறியின் இதமான காற்று படும்படி வையுங்கள்.

நாற்று ஏற்கெனவே நீண்டுவிட்டதா? அடுத்த தொட்டிக்கு மாற்றும்போது விதையிலைகளுக்குச் சற்றுக் கீழ்வரை மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். தக்காளியைப் போலத் தண்டெல்லாம் வேர் விடாவிட்டாலும் நிமிர்ந்து நிற்கும்.

இந்தப் பருவத்தில் நாற்றைக் கொல்வது பெரும்பாலும் நாற்றழுகல். நேற்று நன்றாக நின்ற நாற்று, இன்று மண்ணை ஒட்டிய இடத்தில் கிள்ளியது போல இளைத்துச் சாய்ந்து கிடக்கும். மண்ணில் வாழும் பூஞ்சை வகைகளின் வேலை அது. வந்த பிறகு மருந்து இல்லை. மண்ணின் மேற்பரப்பு லேசாகக் காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்ச விடுவது என்று இருந்தால் வருவது அரிது.

தொட்டியும் மண்ணும்

விதையிலைகளுக்குப் பிறகு வரும் உண்மையான இலைகள் நான்கு ஆனதும் நாற்றை ஒரு லிட்டர் தொட்டிக்கு மாற்றுங்கள். வேர் அந்தத் தொட்டியை நிரப்பி அடித்துளையில் எட்டிப் பார்க்கும்போது கடைசித் தொட்டி. ஜன்னல் செடிக்கு 5 முதல் 8 லிட்டர் போதும். நேராகப் பெரிய தொட்டியில் நடுவது வேலையைக் குறைப்பது போலத் தெரியும். ஆனால் சின்ன வேர் உறிஞ்ச முடியாத ஈரம் தொட்டி முழுக்க நாள் கணக்கில் தேங்கி நிற்கும். வெளிச்சம் குறைந்த வீட்டில் அது வேரழுகலுக்கு நேர்வழி.

தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். தொட்டிக்குள் அது இறுகிக் கட்டியாகிவிடும். இரண்டு பங்கு தேங்காய் நார்த்தூள், ஒரு பங்கு மண்புழு உரம் அல்லது நன்கு மக்கிய தொழுவுரம், ஒரு பங்கு பெர்லைட் (எடையில்லாத வெள்ளைக் குருணை) அல்லது பருமணல் என்று கலந்தால் காற்றும் ஈரமும் சேர்ந்து இருக்கும். தொட்டியின் அடியில் கல்லோ ஓட்டுத்துண்டோ பரப்புவது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் யோசனை. அதனால் பயனில்லை. மண்ணுக்கும் கல்லுக்கும் இடையிலான எல்லையில் தண்ணீர் கீழே இறங்கத் தயங்கி நிற்கும்; ஈரம் தேங்கும் மட்டம் வேருக்கு இன்னும் அருகில் வருகிறது. துளை அடைக்காமல் இருக்க ஒரு துண்டு வலை வைத்தால் போதும்.

தண்ணீர்

இத்தனை நாளைக்கு ஒரு முறை என்று அட்டவணை போடுகிறவரின் செடி பிழைப்பது அவருடைய அதிர்ஷ்டம். செடி குடிக்கும் அளவை முடிவு செய்வது வெயில். வெயில் கொளுத்தும் வாரத்தில் நாள்தோறும் கேட்கும் அதே செடி, மேகமூட்டமான வாரத்தில் ஐந்து நாள் சும்மா இருக்கும்.

நல்ல வழி தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. தண்ணீர் ஊற்றி வடிந்தவுடன் ஒரு முறை தூக்குங்கள், அந்தக் கனத்தைக் கை நினைவில் வைத்துக்கொள்ளும். ஓரிரு வாரத்தில், தூக்கிய மாத்திரத்தில் தெரிந்துவிடும். தூக்க முடியாத தொட்டி என்றால் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் தட்டுப்பட்டால் ஊற்றாதீர்கள். ஊற்றும்போது கஞ்சத்தனம் கூடாது. அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றி, அரைமணி நேரத்தில் தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள்.

வாடுவதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் பிரித்தறிவது அவசியம். உச்சி வெயிலில் இலைகள் தொங்கி, மாலையில் தானாக நிமிர்ந்தால் அது சூட்டைச் சமாளிக்கும் முறை. மண்ணில் ஈரம் இருக்கும்வரை கவலை இல்லை. காலையிலேயே தொங்குகிறது, மண்ணோ நனைந்திருக்கிறது என்றால் வேர் மூச்சுத் திணறுகிறது. பார்த்தவுடன் கை தண்ணீர்க் குவளையைத் தேடும். அந்த நேரத்தில் ஊற்றும் ஒரு குவளைதான் பல செடிகளின் கடைசித் தண்ணீர்.

இலையின் அடிப்பக்கம் மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பான சிறு புடைப்புகள் தெரிந்தால் பூச்சி முட்டை என்று பதறி மருந்தைத் தேட வேண்டாம். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உதிர்ந்து வந்தால் முட்டை, வராவிட்டால் இலையே வீங்கிய இடம். வேர் உறிஞ்சும் தண்ணீரை இலை வெளியேற்ற முடியாதபோது செல்கள் புடைத்து இப்படி ஆகும். வெளிச்சமும் காற்றோட்டமும் குறைவு, தண்ணீர் அதிகம் என்று செடி எழுதித் தரும் சீட்டு அது. அதேபோலக் கிளை பிரியும் கணுக்களில் கருநீலக் கோடு தெரிவது நோயல்ல, பல ரகங்களின் இயல்பான நிறம்.

உரம்

மண்புழு உரம் கலந்த மண்ணில் முதல் ஒன்றரை மாதம் எதுவும் தேவையில்லை. பிறகு, செடி புதிய இலை விட்டு வளர்ந்துகொண்டிருக்கும் நாட்களில் மட்டும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை திரவ உரத்தைப் பொட்டலத்தில் சொன்னதில் பாதி அளவு கரைத்து ஊற்றுங்கள். பொட்டலத்து அளவு திறந்தவெளிச் செடியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மொட்டுத் தெரியத் தொடங்கியதும் தழைச்சத்தை (நைட்ரஜன்) குறைத்துச் சாம்பல்சத்து (பொட்டாசியம்) மிகுந்த உரத்துக்கு மாறுங்கள், தக்காளிக்கென்று விற்பது பொருத்தமாக இருக்கும். இலை கரும்பச்சையாக, பெரிதாக, பளபளப்பாக இருந்து ஒரு பூகூட நிற்கவில்லை என்றால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது. மண்ணின் மேலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளையாகப் பொருக்குக் கட்டினால் உரத்தின் உப்பு தேங்குகிறது என்று பொருள். தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு வெறும் தண்ணீரை மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள். குளிர்காலத்தில், மேகமூட்ட வாரங்களில் உரம் வேண்டாம்.

பூவும் காயும்

மிளகாய்த் தண்டு ஒரு உயரம் வரை ஒற்றையாக வளர்ந்து, பிறகு கவட்டையாகப் பிரியும். அந்தக் கவட்டின் நடுவில் முதல் மொட்டு உட்கார்ந்திருக்கும். செடி இன்னும் சிறியது, இலைகள் குறைவு என்றால் அந்த முதல் மொட்டைக் கிள்ளிவிடுங்கள். செடி தெம்பாக இருந்தால் விட்டுவிடலாம். நுனியைக் கிள்ளினால் கிளை பெருகும் என்பது உண்மை. அது வெயில் தாராளமாக உள்ள ஜன்னலுக்கான வேலை. நான்கு மணி நேர வெயிலில் நிற்கும் செடியைக் கிள்ளினால் இழந்த இலைகளை ஈடுகட்டவே பல வாரம் போகும்.

பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கும். காலையில் ஒன்றைக் கீழிருந்து பாருங்கள். வெள்ளை இதழ்களுக்கு நடுவே ஐந்தாறு மகரந்தப் பைகள், பல ரகங்களில் ஊதா நிறத்தில், வளையமாக நிற்கும். நடுவே சூல்முடி சற்று நீண்டிருக்கும். பூ விரிந்த புதிதில் அந்தப் பைகள் வழவழப்பாக மூடியிருக்கும். சில மணி நேரத்தில் அவற்றின் பக்கவாட்டில் ஒரு வெடிப்பு நீளவாக்கில் திறந்து, வெளிறிய தூள் வெளியே தெரியும். உங்கள் வேலை இந்த நேரத்தில்தான். வெளியே இதைக் காற்றும் தேனீக்களும் செய்துவிடும். வீட்டுக்குள், பூக்காம்புக்குப் பின்னால் விரல் நகத்தால் இரண்டு முறை சுண்டுங்கள், அல்லது மின்சாரப் பல்துலக்கியின் முதுகைக் காம்பில் ஓரிரு விநாடி வைத்து அதிர விடுங்கள். மென்மையான தூரிகையால் பூவுக்குள் தொட்டுத் தொட்டு எடுப்பதும் சரிதான். ஒரு பூ இரண்டு மூன்று நாள் விரிந்திருக்கும் என்பதால் காலைதோறும் செய்தால் எதுவும் விட்டுப்போகாது.

காய் பிடித்ததா என்பது சில நாட்களில் தெரியும். பிடித்திருந்தால் இதழ்கள் வாடிச் சுருங்கி, அவற்றைத் தள்ளிக்கொண்டு கீரைவிதை அளவில் பச்சை மணி ஒன்று எட்டிப் பார்க்கும். பிடிக்கவில்லை என்றால் காம்பு, தண்டில் சேரும் கணுவில் மஞ்சளாகி, தொட்டவுடன் கழன்று விழும்.

முதலில் வரும் பூக்கள் பாதிக்கு மேல் உதிர்வது சாதாரணம். எல்லாமே உதிர்ந்தால் காரணத்தை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டுகிறதா? அந்தச் சூட்டில் மகரந்தம் வீரியம் இழக்கிறது. நடுப்பகலில் கண்ணாடியிலிருந்து ஒரு சாண் நகர்த்தி, ஜன்னலைத் திறந்து காற்று வர விடுங்கள். இரவு 15 டிகிரிக்குக் கீழே போகிறதா? கண்ணாடியை ஒட்டிய காற்று அறையைவிடக் குளிர்ந்திருக்கும், இரவில் தொட்டியை உள்ளே எடுத்து வையுங்கள். மண் ஒரு நாள் காய்ந்து வெடித்து, மறுநாள் சகதியாகிறதா? தழைச்சத்து அதிகமா? இவற்றில் எதுவும் இல்லை என்றால் வெளிச்சம் போதவில்லை. எத்தனை காயைத் தாங்க முடியும் என்பதைச் செடி தானே கணக்கிட்டு மற்றதை உதிர்க்கிறது; உரம் ஊற்றி அதை மாற்ற முடியாது.

பிடித்த காயின் நுனி கறுத்துத் தோல் போல அமுங்கினால், அது பெரும்பாலும் சுண்ணாம்புச்சத்து காயின் நுனிவரை போய்ச் சேராததால் வருவது. மண்ணில் சத்து இருந்தும் இப்படி ஆகும், ஏனென்றால் அதைச் சுமந்து செல்வது தண்ணீர். ஈரத்தைச் சீராக வைத்தால் அடுத்தடுத்த காய்கள் சரியாகிவிடும்.

பூச்சிகள்

வீட்டுக்குள் பூச்சி வராது என்பது வெறும் நம்பிக்கை. வந்தால் வெளியைவிட வேகமாகப் பெருகும்; அவற்றைத் தின்னும் பொறிவண்டும் மழையும் இங்கே இல்லை. வாரம் ஒரு முறை இலைகளைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள், குறிப்பாகத் தளிரையும் மொட்டுக் கொத்தையும். பச்சை நிறப் புள்ளிகள் கூட்டமாக ஒட்டியிருந்தால் அசுவினி. தட்டினால் வெள்ளையாகப் பறந்து மறுபடி வந்து உட்கார்ந்தால் வெள்ளை ஈ. இலைச்சுருட்டு நோய்க் கிருமியைச் செடிக்குச் செடி கொண்டுசெல்வது இதுதான், ஆகவே ஒன்றைக் கண்டாலும் விடாதீர்கள். இலையின் மேல் ஊசிமுனைப் புள்ளிகளாக வெளிறல், அடியில் மெல்லிய நூலாம்படை என்றால் செஞ்சிலந்தி. வறண்ட சூடான காற்று அதற்குக் கொண்டாட்டம்.

முதல் சிகிச்சை தண்ணீர். தொட்டியின் வாயைப் பிளாஸ்டிக்கால் கட்டிவிட்டு, செடியைச் சாய்த்து இலைகளின் அடிப்பக்கத்தைக் குழாயில் பீய்ச்சிக் கழுவுங்கள். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் அது கரையச் சில சொட்டுத் திரவ சோப்பும் கலந்து, மாலையில், வெயில் போன பிறகு இலையின் இரு பக்கமும் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறையாவது செய்ய வேண்டும், ஏனென்றால் முட்டைகள் முதல் தெளிப்பில் சாவதில்லை. தொட்டி மண்ணிலிருந்து கருப்பாகச் சிறு கொசுக்கள் கிளம்பினால் தண்ணீர் அதிகமாகிறது என்பதைத் தவிர வேறு பொருளில்லை.

பறிப்பதும் அடுத்த ஆண்டும்

பூத்த ஐந்தாறு வாரத்தில் பச்சைக் காய் பறிக்கலாம். பழுக்க விட்டால் இன்னும் மூன்று, நான்கு வாரம், ஜன்னலில் அதற்கும் மேல். இழுக்காமல் கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள், கிளை எளிதில் முறியும். பச்சையாகப் பறித்தால் செடி மீண்டும் மீண்டும் பூக்கும்; எல்லாவற்றையும் பழுக்க விட்டால் காய்த்தது போதுமென்று ஓய்ந்துவிடும். பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

கண்ணாடிக்குள் வளர்ந்த செடியை வெளியே வைக்க நேர்ந்தால் ஒரே நாளில் வெயிலில் நிறுத்தாதீர்கள். கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதியை வடிகட்டிவிடுவதால் உள்ளே விளைந்த இலைக்கு அதைத் தாங்கும் பழக்கம் இல்லை; வெள்ளையாக வெந்துவிடும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம் என்று தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

பகல் குறுகி வெயில் சாயும் காலத்தில் செடி இலைகளை உதிர்க்கத் தொடங்கினால் தூக்கி எறிய வேண்டாம். மிச்சக் காய்களைப் பறித்துவிட்டு, கவட்டுக்கு மேல் ஒரு சாண் விட்டு எல்லாக் கிளைகளையும் வெட்டுங்கள். 10 டிகிரிக்குக் குறையாத இடத்தில் வைத்து, மண் முழுக்கக் காய்ந்துவிடாத அளவுக்கு மட்டும் எப்போதாவது தண்ணீர் கொடுங்கள். குச்சியாக நிற்கும். உயிர் இருக்கிறதா என்று ஐயம் வந்தால் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் இருக்கிறது. பகல் நீளத் தொடங்கிக் கணுக்களில் துளிர் தெரிந்ததும் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேர்ப்பந்தின் ஓரத்தில் கால் பங்கைச் சீவிவிட்டு, புது மண்கலவையில் அதே தொட்டியில் நடுங்கள். வேர் ஏற்கெனவே இருப்பதால் விதையிலிருந்து வரும் செடியைவிடப் பல வாரங்கள் முன்னதாகவே பூத்துவிடும். முதல் உரத்தை நான்கு புது இலை விரிந்த பிறகு, வழக்கமான பாதி அளவில் தொடங்குங்கள்.